கிடை ஆட்டுக்காரர் வீட்டுப் பையனைப் பற்றி ஓர் ஆவணப்படம்: எதை வைப்பது, எதை வெட்டுவது?

பனங்காடு (இழையைத் தொடங்கியவர்):

எல்லோருக்கும் வணக்கம். ஒரு வருடமாக ஓர் ஆவணப்படம் எடுத்துக்கொண்டிருக்கிறேன். ராமநாதபுரம் மாவட்டத்துக் கீதாரி (ஆட்டு மந்தைத் தலைவர்) குடும்பம் ஒன்றைப் பற்றி. தை அறுவடை முடிந்ததும் மந்தையோடு தஞ்சாவூர், திருவாரூர்ப் பக்கம் போய், வயல் வயலாகக் கிடை போட்டுவிட்டு (உரத்துக்காக ராத்திரி ஆட்டை வயலில் அடைப்பது), மழை பிடிக்கும் முன் ஊர் திரும்புகிறவர்கள். வீட்டில் 11 வயதுப் பையன் இருக்கிறான், ஆறாம் வகுப்பு. பள்ளி நாட்களில் பாட்டி வீடு. கோடை விடுமுறை விட்ட மறுநாளே பஸ் ஏறி அப்பாவிடம் கிடைக்கு வந்துவிடுவான். படம் அவனைப் பற்றியது.

நாற்பது மணி நேரக் காட்சி கையில் இருக்கிறது. அதை 50 நிமிடமாக வெட்டி ஒன்பது பேருக்குப் போட்டுக் காட்டினேன். பாதிப் பேர் “என்ன அழகு, என்ன வாழ்க்கை” என்றார்கள். மீதிப் பேர் “பாவம், படிக்க வேண்டிய பிள்ளை” என்றார்கள். இரண்டுமே எனக்கு உறுத்துகிறது. நான் அங்கே பார்த்த பையன் இந்த இரண்டிலும் இல்லை. எங்கே தப்பு விட்டேன் என்று இந்தத் தொழில் தெரிந்தவர்களோ படத்தொகுப்பு தெரிந்தவர்களோ சொன்னால் நல்லது.

மஞ்சள்வெயில்:

ட்ரோன் ஷாட் வைத்திருக்கிறீர்களா? சாயங்கால வெளிச்சத்தில் மந்தை புழுதி கிளப்பிக்கொண்டு போவதை மேலே இருந்து எடுத்தால் அதுவே பாதிப் படம்.

பனங்காடு:

முதல் வாரமே பறக்கவிட்டேன். சத்தம் கேட்டதும் மந்தை ஒரே சுருட்டாகச் சுருண்டு வாய்க்காலைத் தாண்டி ஓடிவிட்டது. திரும்பச் சேர்க்க மூன்று மணி நேரம். ஒரு குட்டிக்குக் கால் பிசகிவிட்டது. கீதாரி என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. ட்ரோனைப் பையிலிருந்து அதற்கப்புறம் எடுக்கவே இல்லை. ஆனால் ஓடுவதற்கு முந்திய 20 வினாடி படத்தில் இருக்கிறது. பார்த்தவர்கள் எல்லோரும் அழகு என்று சொன்னது அதைத்தான்.

தொரட்டிக்கம்பு:

தம்பி, நீங்கள் எடுக்கிற பையன் நான்தான். முப்பத்தைந்து வருடம் முந்தி. எங்கள் அப்பா ஆடு நடந்தே போகும், லாரி எல்லாம் பின்னால் வந்தது.

உங்கள் படத்தைப் பார்க்காமலே ஒன்று சொல்கிறேன், கோபப்படக் கூடாது. நீங்கள் பையன் முகத்தையே எடுத்திருப்பீர்கள். கண்ணை, சிரிப்பை, காலில் செருப்பில்லாததை. அவன் எதைப் பார்க்கிறான் என்று எடுத்திருக்க மாட்டீர்கள்.

ஆட்டுக்காரன் வீட்டில் பிள்ளைக்கு யாரும் உட்கார வைத்துச் சொல்லித் தருவதில்லை. ஆட்டின் வாயைத் திறந்து காட்டுவார்கள். கீழ்த்தாடையில் மட்டும்தான் முன்பல் எட்டு, மேலே வெறும் ஈறு. நடுவில் இரண்டு பெரிய பல் விழுந்து முளைத்திருந்தால் வயது ஒன்றரைக்குப் பக்கம். அப்புறம் நாலு, ஆறு, எட்டு. எட்டுக்கு மேல் பல் தேய்கிறதா, ஆடுகிறதா என்று பார்த்து வயது சொல்ல வேண்டும். சந்தையில் வியாபாரி “நாலு பல்” என்று அடித்துச் சொல்லும்போது அப்பா என்னைத்தான் பார்ப்பார். நான் கண்ணை மூடித் திறந்தால் பொய். அப்போது எனக்கு ஒன்பது வயது. அந்த மரியாதை பள்ளிக்கூடத்தில் எனக்கு ஒரு நாளும் கிடைத்ததில்லை.

எண்ணுவது இன்னொன்று. இருநூறு ஆட்டை யாரும் எண்ண மாட்டார்கள். சாயங்காலம் ஆடு வந்து அடையும்போது கூட்டைத் திறந்து குட்டிகளை விடுவோம். ஒரே கத்தல். குட்டி தாயை மோந்து, தாய் குட்டியின் வாலை மோந்து, கால் மணி நேரத்தில் எல்லாம் ஜோடி சேர்ந்துவிடும். சேராமல் நின்று கத்துகிற குட்டியின் தாயைக் காணோம் என்று அர்த்தம். மடி கட்டிக் கத்துகிற தாயின் குட்டி செத்திருக்கும் அல்லது எங்கேயோ படுத்திருக்கும். அதுதான் எங்கள் கணக்கு. இதில் பையன் எங்கே நிற்கிறான், யாரைத் தேடுகிறான் என்று உங்களிடம் காட்சி இருக்கிறதா?

பள்ளிக்கூடம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நான் படித்த இடத்தில் ஒரு வாத்தியார், பேர் வேண்டாம், வகுப்புக்குள் வந்ததும் மூக்கைப் பிடித்துக்கொண்டு “ஆட்டுப் புழுக்கை வந்தாச்சா” என்பார். வகுப்பே சிரிக்கும். ஆட்டால் என் படிப்பு கெடவில்லை. உங்கள் படத்தில் பள்ளிக்கூடம் வெளிச்சமாகவும் கிடை இருட்டாகவும் இருந்தால் அது பொய்ப் படம். மாற்றி இருந்தாலும் பொய்தான்.

பனங்காடு:

அண்ணே, இரண்டு தடவை படித்தேன். கோபம் இல்லை. குட்டி சேர்கிற காட்சி இருக்கிறது, ஆனால் அகலக் காட்சியாக, தூரத்திலிருந்து. பாட்டுப் போட்டு வைத்திருந்தேன். பையன் அதில் ஒரு புள்ளி.

கால்நடைக்காரி:

அரசு மருந்தகத்தில் வேலை பார்க்கும் கால்நடை மருத்துவர். பாட்டைத் தயவுசெய்து எடுத்துவிடுங்கள். தாயும் குட்டியும் சேர்வது மோப்பத்தாலும் குரலாலும்தான். அந்தச் சத்தத்தை மூடினால் என்ன நடக்கிறது என்றே பார்ப்பவருக்குப் புரியாது.

இரண்டு விஷயம் சொல்கிறேன். செம்மறி என்றதும் கம்பளி வெட்டும் காட்சி எங்கே என்று யாராவது உங்களைக் கேட்பார்கள். ராமநாதபுரம் வெள்ளை, வேம்பூர், கீழக்கரிசல் எல்லாம் கம்பளி தராத முடி ஆடுகள். கம்பளி வேண்டுமானால் கோயம்புத்தூர், நீலகிரி, திருச்சி கருப்பு என்று வேறு இனம். உங்கள் குடும்பத்துக்கு வருமானம் கிடை உரத்திலிருந்தும் கிடா விற்பனையிலிருந்தும் வருவது. பணம் எப்படி வருகிறது என்பதை எங்கேயாவது ஒரு இடத்தில் சொல்லுங்கள், இல்லாவிட்டால் இவர்கள் ஏன் இவ்வளவு தூரம் போகிறார்கள் என்றே தெரியாமல் படம் முடிந்துவிடும்.

அடுத்தது டெல்டா ஈரம். தண்ணீர் தேங்கிய வயலில் ஒரு வகை நத்தை இருக்கும். அதன் வழியாகத் தட்டைப்புழு ஆட்டின் ஈரலுக்குப் போகும். ஆடு மெலியும், ரத்தம் குறையும், கடைசியில் தாடைக்குக் கீழே பை மாதிரி நீர் கோத்துக்கொள்ளும். நான் ஒரு கிடைக்குக் குடற்புழு மருந்து கொடுக்கப் போனபோது, பத்துப் பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவன் ஓர் ஆட்டைப் பிடித்து வந்து “இதுக்குக் காலையில வீக்கம் இல்ல, குனிஞ்சு மேஞ்சா சாயங்காலம் வருது” என்றான். படித்த எனக்குப் புத்தகத்தில் இருந்தது, அவனுக்குக் கண்ணில் இருந்தது. உங்கள் பையனிடமும் இப்படி ஏதாவது இருக்கும். கேமராவை வைத்துக்கொண்டு காத்திருங்கள்.

அப்புறம், மழைக்கு முன்னால் துள்ளுமாரி நோய்க்குத் தடுப்பூசி போட்டார்களா என்று கேட்டுவிடுங்கள். படத்துக்காக இல்லை, ஆட்டுக்காக.

சட்டக்குறிப்பு:

இங்கே எல்லோரும் பையனின் அறிவைப் புகழ்வதைப் பார்த்தால் கொஞ்சம் பயமாக இருக்கிறது. டெல்டாவில் ஆடு மேய்க்கிற பையன்கள் எல்லோரும் அப்பாவோடு வந்தவர்கள் இல்லை. சில ஆயிரம் ரூபாய் முன்பணத்துக்குப் பெற்றோரே அடகு வைத்துவிட்டுப் போன சிறுவர்களை அதிகாரிகள் மீட்ட செய்திகள் திரும்பத் திரும்ப வந்திருக்கின்றன. கொத்தடிமை முறையை ஒழிக்கச் சட்டம் வந்தது 1976இல். இன்னும் மீட்டுக்கொண்டிருக்கிறோம். அந்தப் பையனும் தொரட்டி பிடிப்பான், பல் பார்ப்பான், குட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு நடப்பான். உங்கள் கேமராவுக்கு இரண்டு பேரும் ஒன்றுபோலத்தான் தெரிவார்கள். அழகாக எடுத்தால் அடிமைத்தனமும் அழகாகிவிடும்.

சட்டம் என்ன சொல்கிறது என்றும் தெரிந்துகொள்ளுங்கள். 2016 திருத்தத்துக்குப் பிறகு 14 வயதுக்குக் கீழே உள்ளவரை எந்த வேலையிலும் அமர்த்தக் கூடாது. பள்ளி நேரம் போக, விடுமுறையில், ஆபத்தில்லாத சொந்தக் குடும்பத் தொழிலில் கைகொடுக்க மட்டும் விலக்கு. உங்கள் பையன் அந்த விலக்குக்குள் வருகிறான், சரி. கூடவே கேமராவுக்குள் வருகிற மற்ற பையன்கள்? அவர்களில் ஒருவன் கூலிக்கு இருந்தால் சிறார் நீதிச் சட்டப்படி அவன் பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தை. முகமோ பெயரோ ஊரோ வெளியே தெரியக் கூடாது, 74ஆம் பிரிவு. 1098க்கு ஒரு போன் செய்ய வேண்டிய கடமையும் உங்களுக்கு வந்துவிடும்.

தொரட்டிக்கம்பு:

சார், அடகுப் பையன்களை எங்களுக்குத் தெரியாது என்றா நினைக்கிறீர்கள்? எங்கள் பக்கத்துக் கிடையிலேயே ஒருத்தன் இருந்தான். அவனுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம் என்று எனக்கு அப்போதே தெரியும். ராத்திரி நரி வந்தால் என்னை எங்கப்பா எழுப்புவார். அவனை எட்டி உதைத்து எழுப்புவார்கள். ஆடு ஒன்று செத்தால் எங்கள் வீட்டில் அழுவோம். அவன் கணக்கில் அது கடனாக ஏறும். தீபாவளிக்கு நான் ஊருக்குப் போவேன், அவன் போக மாட்டான்.

ஆனால் எங்களைப் பார்க்கிற அதிகாரி, பஸ்ஸில் போகிறவர், பேப்பர்காரர் எல்லோருக்கும் எங்கள் பிள்ளைகள் எல்லாரும் அடிமைப் பிள்ளைகள். என் தம்பி மகன் பரீட்சை லீவில் கிடைக்கு வந்திருந்தபோது ஜீப்பில் ஏற்றிவிட்டார்கள். அப்பன் ஆத்தா ஆதார் அட்டையோடு போய் நின்று கூட்டி வர ஒரு நாள் ஆனது. பிள்ளை ரெண்டு வாரம் பேசவில்லை.

சட்டக்குறிப்பு:

அது நடந்திருக்கக் கூடாது. நீங்கள் சொன்ன மூன்று வித்தியாசங்களும் நான் படித்த எந்த அறிக்கையையும்விடத் தெளிவாக இருக்கின்றன. எழுதி வைத்துக்கொண்டேன். பனங்காடு, இந்த மூன்றும் உங்கள் படத்தில் எங்காவது தெரிகிறதா என்று பாருங்கள். குறிப்பாக, ராத்திரி யார் யாரை எப்படி எழுப்புகிறார்கள் என்பது.

மஞ்சள்வெயில்:

இழை சூடாகிவிட்டது. நான் ட்ரோன் பற்றித்தான் கேட்டேன் :)

கத்தரிக்கோல்:

படத்தொகுப்பு என் வேலை. ஒரு கேள்வி. நாற்பது மணி நேரத்தில் எதையாவது திரும்பச் செய்யச் சொன்னீர்களா? உண்மையைச் சொல்லுங்கள். ஆவணப்பட வரலாறே அந்தப் பாவத்தில்தான் தொடங்குகிறது. கனடாவின் பனிப்பகுதி இனுயிட் மக்களைப் பற்றி 1922இல் வந்த ‘நானூக் ஆஃப் தி நார்த்’ படத்தில், உள்ளே கேமராவுக்கு வெளிச்சம் போதாது என்று பனிவீட்டைப் பாதியாகக் கட்டவைத்து எடுத்தார்கள். அந்த மக்கள் துப்பாக்கி வைத்திருந்த காலத்தில் ஈட்டியோடு வேட்டையாடவைத்தார்கள். இன்றைக்கும் அதைப் பாடமாகக் காட்டுகிறோம், படத்தின் அழகுக்காகவும் அந்தப் பாவத்துக்காகவும்.

பனங்காடு:

ஒன்று உண்டு. லீவு முடிந்து பையன் ஊருக்கு பஸ் ஏறுகிற காட்சி. முதல் தடவை நான் ஃபோகஸ் பிடிப்பதற்குள் ஏறிவிட்டான், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அடுத்த நிறுத்தத்தில் இறக்கித் திரும்பக் கூட்டி வந்து, இன்னொரு பஸ்ஸில் ஏறச் சொன்னேன். “ஒரு தடவை அப்பாவைப் பார்” என்றேன். பார்த்தான். அந்தப் பார்வைதான் படத்தின் கடைசி ஷாட். “பாவம்” என்று சொன்னவர்கள் எல்லோரும் அதைப் பார்த்துத்தான் சொன்னார்கள்.

எழுதும்போதுதான் உறைக்கிறது. அழகு என்றதும் பாவம் என்றதும் நான் செய்து வைத்த இரண்டு ஷாட்டைப் பார்த்து.

கத்தரிக்கோல்:

முதல் டேக் இருக்கிறதா? ஃபோகஸ் போனாலும் பரவாயில்லை. அதை வையுங்கள்.

காவிரிக்கரை:

நான் மன்னார்குடிப் பக்கம் விவசாயி. கிடை கேட்டு வாங்குகிற ஆள். படத்தில் எங்களையும் கொஞ்சம் காட்டுங்கள், நாங்கள் இல்லாமல் கிடை இல்லை.

எங்கள் பக்கம் சம்பா அறுப்புக்கு முன்னாலேயே ஈரத்தில் உளுந்து, பயறு தெளித்துவிடுவோம். அது பங்குனி, சித்திரை வரை நிற்கும். அந்த வயலில் ஆடு வாய் வைத்தால் சண்டை. ஆடு மேய்க்கிறவன் கண் எப்போதும் பயறு மேலேயே இருக்க வேண்டும், அது பெரிய சள்ளை. பயறு எடுத்த பிறகு, ஜூன் 12 வாக்கில் மேட்டூர் திறப்பார்களா என்று பார்த்துக்கொண்டு தரிசாகக் கிடக்கிறதே, அந்த இடைவெளியில்தான் கிடைக்கு ஏகக் கிராக்கி. “உனக்கு முந்தியே சொல்லி வச்சேன்” என்று பங்காளிகளுக்குள் சண்டையே வரும். பார்த்தீர்களா, அதுவும் பள்ளிக்கூடக் கோடை விடுமுறையும் ஒரே நேரம். அந்தப் பிள்ளை வரும்போதுதான் அப்பனுக்கு வேலை உச்சத்தில் இருக்கிறது. ஏன் வருகிறான் என்று யாரும் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

ஆட்டெரு அந்த வருசம், மாட்டெரு மறு வருசம் என்பார்கள். ஆட்டெருவில் தழைச்சத்து 3 சதவீதம், மணிச்சத்து 1, சாம்பல்சத்து 2 என்று வேளாண்துறைக் கூட்டத்தில் சொன்னார்கள். எங்களுக்கு அதைவிட முக்கியம், கிடையில் மூத்திரமும் மண்ணிலேயே இறங்கிவிடும், அள்ளிக் கொட்ட வண்டி வேண்டாம். தினம் ராத்திரி கிடையை இடம் மாற்றிப் போட வேண்டும். எங்கே நேற்று போட்டோம், எங்கே இன்றைக்கு என்று மூலை பார்த்து நிறுத்துகிற வேலை பெரும்பாலும் சின்னப் பையன்களுடையது. ஒரு மூலை விட்டுப்போனால் நாற்று வளரும்போது பச்சை தெரிந்துவிடும், அந்த இடம் மட்டும் வெளிறி நிற்கும். போன வருடம் என் வயலில் ஒரு முக்கோணம் அப்படி நின்றது. யார் விட்டது என்று கேட்டேன், ஒரு பையன் தலையைச் சொறிந்தான்.

தொரட்டிக்கம்பு:

அது நானாக இருந்தால் ஓடிப்போயிருப்பேன்.

வேலியோரம்:

இத்தனை பேர் எழுதிவிட்டீர்கள். பையன், அப்பா, வியாபாரி, விவசாயி. பனங்காடு, அந்தப் பையனுக்கு அக்கா தங்கை யாரும் இல்லையா? அம்மா?

பனங்காடு:

ஒரு அக்கா. 14 வயது, எட்டாம் வகுப்பு முடித்தவள். அம்மா கிடையிலேயே இருக்கிறார்.

வேலியோரம்:

அக்கா லீவில் எங்கே இருப்பாள்?

பனங்காடு (இரண்டு நாள் கழித்து):

பதில் எழுதுவதற்கு முன் காட்சிகளை மறுபடி பார்த்தேன். அதனால்தான் தாமதம். அக்காவும் கிடையில்தான் இருக்கிறாள். எல்லாக் காட்சியிலும் இருக்கிறாள், ஓரத்தில். தொரட்டிக்கம்பு அண்ணன் சொன்னாரே, சாயங்காலம் கூட்டைத் திறந்து குட்டியை விடுவது, அதைச் செய்வது அவள்தான். பகல் முழுக்க ஆடு மேய்ச்சலுக்குப் போனதும், நடக்க முடியாத குட்டிகளோடு கிடையில் இருப்பது அவளும் அம்மாவும். தாய் சேர்க்காத குட்டிக்கு இன்னொரு ஆட்டைப் பிடித்து நிறுத்திப் பால் ஊட்டுகிற காட்சி ஒன்று இருக்கிறது. நான் கையை மட்டும் எடுத்திருக்கிறேன். பார்த்தவர்கள் அது பையன் கை என்று நினைத்திருப்பார்கள். அது அக்கா கை.

வேலியோரம்:

எங்கள் வீட்டிலும் அப்படித்தான். தம்பி வெளியே ஆட்டோடு போவான், ஊர் அவனைப் பார்க்கும். நான் கூட்டைப் பார்த்துக்கொண்டு கிடப்பேன். பிறந்த குட்டி சீம்பால் குடித்ததா என்று பார்க்க ராத்திரி மூன்று மணிக்கு டார்ச் அடித்தது நான். கீதாரி பட்டம் யாருக்குப் போகும் என்று கேட்டால் சின்னப்பிள்ளைகூடச் சொல்லிவிடும். அவளிடம் எட்டாம் வகுப்புக்கு அப்புறம் என்ன என்று கேட்டுப் பாருங்கள். பையனிடம் கேட்ட கேள்வி எதையும் அவளிடம் கேட்டிருக்க மாட்டீர்கள்.

கத்தரிக்கோல்:

பணம் பற்றி யாரும் பேசவில்லை, நான் பேசிவிடுகிறேன். படம் ஓடினால் அந்தக் குடும்பத்துக்கு என்ன? 2002இல் பிரான்ஸில் ஓராசிரியர் பள்ளி ஒன்றைப் பற்றி வந்த ஆவணப்படம் பெரிய வசூல் செய்தது. படத்தில் வந்த ஆசிரியர் பங்கு கேட்டு வழக்குப் போட்டார், நீதிமன்றம் தள்ளிவிட்டது. தன் அன்றாட வேலையைச் செய்தவருக்கு நடிகருக்கான ஊதியம் கிடையாது என்பது வாதம். சட்டப்படி சரியாக இருக்கலாம். ஆனால் கசப்புதான் மிஞ்சியது. முன்கூட்டியே பேசி எழுதிக்கொள்ளுங்கள். அப்பா கையெழுத்து மட்டும் போதாது, பிள்ளைகளிடமும் சம்மதம் கேளுங்கள். வேண்டாம் என்று அவர்கள் சொல்கிற காட்சியை வெட்டிவிடுங்கள்.

தொரட்டிக்கம்பு:

பணமாகக் கொடுத்தால் செலவாகிவிடும். ரெண்டு மறி (பெண் ஆடு) வாங்கிவிட்டால் போதும், ஆளுக்கு ஒன்று. அக்காவுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். எங்கள் காலத்தில் கூலியே குட்டிக் கணக்கில்தான்.

இன்னொன்று, சத்தம். அந்தப் பையன் எப்படி வீளை (சீட்டி) அடிக்கிறான் என்று தனியாகப் பதிந்து வையுங்கள். திருப்புவதற்கு ஒன்று, தண்ணீருக்கு ஒன்று, நாய் வந்தால் ஒன்று. சங்கப் பாட்டு ஒன்றில், தூறலில் கோலூன்றித் தனியாக நிற்கிற இடையன் வீளையடித்து, குட்டியைப் பார்த்து நிற்கிற குறுநரியை விரட்டுகிறான். பள்ளிக்கூடத்தில் அதை நடத்தும்போது வகுப்பில் எனக்கு மட்டும்தான் அந்தச் சத்தம் கேட்டது. வாத்தியார் அர்த்தம் சொல்லிவிட்டு அடுத்த பாட்டுக்குப் போய்விட்டார்.

பனங்காடு (ஐந்து வாரம் கழித்து):

இழையைத் தூசு தட்டுகிறேன். நடந்ததைச் சொல்ல வேண்டும்.

ட்ரோன் ஷாட் போயிற்று. பாட்டுப் போயிற்று. பஸ் காட்சியில் முதல் டேக்கை வைத்துவிட்டேன், மங்கலாகவே. கூலிக்கு இருக்கும் பையன்கள் யாராவது இருக்கிறார்களா என்று ஒவ்வொரு ஃப்ரேமாகப் பார்த்தேன். ஒரே ஒருவன்மேல் சந்தேகம் வந்தது, விசாரித்தேன். கீதாரியின் மச்சினர் மகன், பத்தொன்பது வயது, ஆள்தான் குள்ளம்.

போன சனிக்கிழமை கிடைக்கே போய்ப் போட்டுக் காட்டினேன். பம்புசெட் கொட்டகைச் சுவரில் வேட்டி கட்டி, மோட்டார் கரண்டில் புரொஜெக்டர். பத்துப் பதினைந்து பேர். முதல் அரை மணி நேரம் யாரும் வாயே திறக்கவில்லை. அப்புறம் குட்டி சேர்கிற காட்சியில் பையன் எழுந்து சுவருக்குப் பக்கத்தில் போய் நின்றுவிட்டான், நிழல் விழுந்தது. “இது தப்பு” என்றான். என்னடா தப்பு என்றேன். “அந்தச் சுட்டி மறி இந்தக் கிடையில இல்ல. அது கோட்டூர்ல கிடை போட்டப்ப இருந்தது. இங்க வர்றதுக்கு முந்தியே வித்தாச்சு. நீங்க ரெண்டையும் ஒட்டிட்டீங்க.”

உண்மைதான். இரண்டு நாள் சாயங்காலத்தைச் சேர்த்து ஒன்றாக வெட்டியிருந்தேன். படத்தொகுப்புத் தெரிந்த மூன்று பேர் பார்த்தார்கள், யாரும் கண்டுபிடிக்கவில்லை. சுவரில் ஒரு வினாடி வந்து போன, நெற்றியில் வெள்ளை உள்ள ஆடு.

அக்கா அதுவரை பேசவில்லை. அப்போது சொன்னாள், “சுட்டி மட்டுமில்ல. அதுக்குப் பின்னால வர்ற குட்டியும்தான். அது செத்துப்போச்சு, நான்தான் புதைச்சேன்.” பையனுக்கு அது தெரியாது. அன்றைக்கு அவன் மேய்ச்சலில் இருந்திருக்கிறான்.

மறுநாள் அவளோடு மட்டும் நாலு மணி நேரம் எடுத்தேன். கேமராவைப் பார்க்கவே இல்லை, கூட்டைப் பின்னிக்கொண்டே பேசினாள். படம் இப்போது இரண்டாக உடைந்து கிடக்கிறது. தலைப்பில் ‘பையன்’ என்று இருந்ததை எடுத்துவிட்டேன், வேறு எதுவும் வைக்கவில்லை.

வேலியோரம்:

எட்டாம் வகுப்புக்கு அப்புறம் என்ன என்று கேட்டீர்களா?

பனங்காடு:

ஒன்பதாம் வகுப்பு முடித்துவிட்டாளாம். நான்தான் தப்பாகக் குறித்து வைத்திருந்தேன். பத்தாம் வகுப்புக்கு விடுதியில் இடம் கேட்டு எழுதிப் போட்டிருக்கிறாள். அப்பா இன்னும் சரி என்று சொல்லவில்லை. “குட்டியை யார் பார்க்கிறது” என்கிறார். இரண்டு பேச்சும் பதிவாகியிருக்கிறது.

தொரட்டிக்கம்பு:

எல்லாம் சரி தம்பி. அந்தச் சுட்டி மறியை எத்தனை பல்லில் விற்றார்கள்? நல்ல ஆட்டை ஏன் விற்றார் அந்த மனுசன்?